இரட்டை கிராபிக்ஸ் லேப்டாப்பில் விண்டோஸ் 7: அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் வழி

2010-க்கும் 2015-க்கும் இடையில் வாங்கிய லேப்டாப்பில் இன்னும் விண்டோஸ் 7 வேண்டும் என்பவர்கள் குறைவில்லை. பழைய பேஜ்மேக்கர் கோப்புகள், டாங்கிள் செருகினால்தான் திறக்கும் மென்பொருள், விண்டோஸ் 10-க்கு டிரைவரே (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) வராத ஸ்கேனர் என்று ஆளுக்கொரு காரணம். அந்த லேப்டாப்பில் இன்டெல் கிராபிக்ஸோடு என்விடியா அல்லது ஏஎம்டி சிப்பும் இருந்தால், விண்டோஸ் 7-ஐப் புதிதாகப் போட்ட அன்றே தொல்லை ஆரம்பிக்கும். திரை மங்கும், டிரைவர் ஏற மறுக்கும், நீலத்திரை வரும். "கிராபிக்ஸ் சிப் போச்சு, போர்டு மாத்தணும்" என்று பழுது பார்க்கும் கடையில் சொல்லி அனுப்பிவிடுவார்கள். பெரும்பாலான மெஷின்களில் சிப்புக்கு ஒரு குறையும் இருக்காது. டிரைவர்களை வரிசை மாற்றிப் போட்டிருப்பார்கள்.

இந்த லேப்டாப்களில் திரை யாருடையது என்று தெரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் அங்கேயே தீரும். இரண்டு சிப்பையும் தேவைக்கேற்பத் தானாகப் பயன்படுத்தும் ஆப்டிமஸ் முறையை என்விடியா 2010 பிப்ரவரியில் கொண்டுவந்தது. அதற்கு முன் வந்த இரட்டை கிராபிக்ஸ் லேப்டாப்களில், இரண்டு சிப்பில் எது திரையோடு பேசும் என்பதை மாற்றிவிடும் ஒரு சுவிட்ச் சர்க்யூட் போர்டிலேயே இருந்தது. 2006-இல் வந்த சோனி வயோ எஸ்இசட் வரிசையில் அதைக் கையால் தள்ளி மாற்றலாம். ஆப்டிமஸ் இந்த சர்க்யூட்டையே எடுத்துவிட்டது. சில திங்க்பேட் போன்ற மாடல்களைத் தவிர, லேப்டாப் திரையின் கம்பி இன்டெலுக்கு மட்டும்தான் போகிறது. என்விடியா வரைந்து முடித்த ஒவ்வொரு ஃபிரேமும் பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாக இன்டெலின் மெமரிக்கு நகலாகி, அங்கிருந்து திரைக்கு வருகிறது. சமைப்பது பின்கட்டில் என்விடியா, பந்தியில் பரிமாறுவது எப்போதும் இன்டெல்.

ஆகவே இன்டெல் டிரைவர் சரியாக ஏறாத மெஷினில் என்விடியா டிரைவரை எத்தனை முறை போட்டாலும் பலன் இல்லை. "என்விடியா வேலை செய்யவில்லை" என்று என்னிடம் வரும் மெஷின்களில் நான் முதலில் பார்ப்பது இன்டெலைத்தான்.

எந்த சிப் என்று உறுதிசெய்வது

'கம்ப்யூட்டர்' ஐகானில் வலது கிளிக் செய்து 'மேனேஜ்' போய் டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். டிரைவர் எதுவும் போடாத நிலையில் இன்டெல் சிப் 'ஸ்டாண்டர்ட் விஜிஏ கிராபிக்ஸ் அடாப்டர்' என்ற பெயரில் நிற்கும். ஆப்டிமஸ் லேப்டாப் என்றால் என்விடியா பெரும்பாலும் அந்த இடத்தில் இருக்காது. 'அதர் டிவைசஸ்' பகுதியில் மஞ்சள் ஆச்சரியக்குறியோடு '3டி வீடியோ கன்ட்ரோலர்' என்று இருக்கும். இந்தப் பெயரைக் கவனியுங்கள். திரை எதுவும் இணைக்கப்படாத கிராபிக்ஸ் சிப் தன்னை விஜிஏ என்று அறிவிக்காது, வெறும் 3டி கன்ட்ரோலர் என்றுதான் அறிவிக்கும். இதைப் பார்த்ததுமே லேப்டாப் திரை இன்டெலுடையது என்று முடிவு செய்துவிடலாம்.

அதன் மேல் வலது கிளிக், 'ப்ராப்பர்ட்டீஸ்', 'டீடெயில்ஸ்', 'ஹார்ட்வேர் ஐடிஸ்'. நீளமாக ஒரு வரி வரும். 'வென்' என்பதற்குப் பின்னால் 8086 இருந்தால் இன்டெல், 10டிஇ இருந்தால் என்விடியா, 1002 இருந்தால் ஏஎம்டி. அடுத்து 'டெவ்' என்று வரும் நான்கு இலக்கம் சிப்பின் அடையாளம். 'சப்சிஸ்' பகுதியின் கடைசி நான்கு எழுத்துகள் லேப்டாப் கம்பெனியைக் காட்டும்: 103சி என்றால் எச்பி, 1028 டெல், 17ஏஏ லெனோவா, 1043 ஏசூஸ், 1025 ஏசர்.

லேப்டாப்பில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்பாமல் இந்த வரியை நம்புங்கள். உதாரணமாக 10டிஇ, 1140 என்று வந்தால் அது என்விடியாவின் பழைய ஃபெர்மி தலைமுறையைச் சேர்ந்த ஜிஎஃப்117 சிப். இதே சிப்பை 610எம், 620எம், 710எம், 820எம் என்று பல பெயர்களில் விற்றார்கள். 820எம் என்ற ஸ்டிக்கரைப் பார்த்தவர் 2014-இல் வந்த புது சிப் என்று நினைத்துப் புது டிரைவரைத் தேடுவார். உள்ளே இருப்பது ஃபெர்மி. அதற்கான கடைசி டிரைவர் 2018 மார்ச்சில் வந்த 391.35. அதற்குப் பிந்தைய எதைப் போட்டாலும் ஏறாது. அடுத்து வந்த கெப்ளர் தலைமுறை லேப்டாப் சிப்களுக்கு 2019 ஏப்ரலில் வந்த 425.31-தான் கடைசி. அதற்கும் புதிய சிப்களுக்கு 470 வரிசை வரை விண்டோஸ் 7 டிரைவர் உண்டு. 2021 அக்டோபரில் என்விடியா விண்டோஸ் 7-க்கான வழக்கமான டிரைவர்களை நிறுத்திவிட்டது.

இன்டெல் பக்கம் இரண்டாம் தலைமுறை கோர் பிராசஸர் என்றால் 15.28 வரிசை, மூன்றாம் தலைமுறை என்றால் 15.33, ஆறாம் தலைமுறை என்றால் 15.45. ஏழாம் தலைமுறையிலிருந்து விண்டோஸ் 10 மட்டும்தான் என்று மைக்ரோசாஃப்ட் 2016-லேயே அறிவித்துவிட்டதால், அந்த லேப்டாப்களுக்கு விண்டோஸ் 7 இன்டெல் டிரைவர் கிடைப்பது குதிரைக்கொம்பு. என்விடியா டிரைவர் இருந்தும் பயனில்லாமல் போவது இந்த இடத்தில்தான். அப்படிப்பட்ட மெஷின் வைத்திருப்பவர்கள் விண்டோஸ் 10-ஐப் போட்டு, அதற்குள் விர்ச்சுவல் மெஷினில் விண்டோஸ் 7-ஐ ஓட்டுவதே நல்லது.

போட வேண்டிய வரிசை

சர்வீஸ் பேக் 1 கட்டாயம். அதற்கு மேல் கேபி4490628, பிறகு கேபி4474419 என்ற இரண்டு அப்டேட்களையும் இதே வரிசையில் போட்டுவிடுங்கள். 2019-க்குப் பிந்தைய பல டிரைவர்களின் டிஜிட்டல் கையொப்பம் ஷா-2 முறையில் இருக்கிறது. இந்த அப்டேட் இல்லாத விண்டோஸ் 7-க்கு அதைப் படிக்கத் தெரியாது.

அடுத்து இன்டர்நெட்டைத் துண்டியுங்கள். கேபிளைப் பிடுங்கி வைஃபையை அணைத்துவிடுங்கள். நீங்கள் ஒரு டிரைவரைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே விண்டோஸ் அப்டேட் பின்னால் இன்னொன்றை இறக்கிவிடும். பாதி அதுவும் பாதி இதுவுமாக ஏறிய மெஷினைச் சரிசெய்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். 'டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸ்' போய், விண்டோஸ் அப்டேட்டிலிருந்து டிரைவர் எடுக்கவே கூடாது என்ற தேர்வையும் வைத்துவிடுங்கள்.

இனி சிப்செட் (போர்டின் அடிப்படைப் பாகங்கள்) டிரைவர், ரீஸ்டார்ட். இன்டெல் கிராபிக்ஸ், ரீஸ்டார்ட். திரை அதன் முழு ரெசல்யூஷனுக்கு வந்துவிட்டதா, பிரகாசத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டன் வேலை செய்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியானால் மட்டும் என்விடியா. லேப்டாப் கம்பெனியின் இணையதளத்தில் உங்கள் மாடலுக்கென்று தந்திருக்கும் டிரைவரை முதலில் போடுங்கள். அது பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. ஓடுகிறது என்று தெரிந்தபின் புதியதற்கு மாறலாம். கம்பெனிகள் பழைய மாடல்களின் பக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்துவருவதால், கிடைத்த டிரைவர் எல்லாவற்றையும் பென்டிரைவில் பிரதி எடுத்து வையுங்கள்.

விண்டோஸ் போடும்போதே லோகோவில் நின்றுவிடுகிறது

நான்கு வண்ணப் புள்ளிகள் சுழன்று விண்டோஸ் லோகோவாகச் சேரும் இடத்தில் 'ஸ்டார்ட்டிங் விண்டோஸ்' என்று எழுதி அப்படியே உறைந்துவிடும். இது கிராபிக்ஸ் சிப்பின் பழுதல்ல. விண்டோஸ் 7 பூட் ஆகும்போது திரைக்கு எழுதப் பழைய பயாஸின் (ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டிலேயே பதிந்த மென்பொருள்) வீடியோ சேவையைத்தான் கூப்பிடுகிறது. லேப்டாப் முழு யூஇஎஃப்ஐ (பழைய பயாஸின் இடத்துக்கு வந்த புது ஏற்பாடு) முறையில் இருந்தால் அந்தச் சேவை அங்கே இருக்காது. பயாஸுக்குள் போய் செக்யூர் பூட்டை அணைத்து, பழைய பயாஸ்போல நடக்கவைக்கும் சிஎஸ்எம் அல்லது 'லெகசி' என்று இருப்பதை இயக்குங்கள்.

பயாஸில் கை வைக்கும்போது ஒரு எச்சரிக்கை. எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவர 'லோட் டிஃபால்ட்ஸ்' கொடுப்பவர்கள் உண்டு. அது சாட்டா முறையையும் (ஹார்ட் டிஸ்க்கோடு மெஷின் பேசும் விதம், ஐடிஇ அல்லது ஏஎச்சிஐ) சேர்த்து மாற்றிவிடலாம். ஐடிஇ முறையில் போட்ட விண்டோஸ், ஏஎச்சிஐ முறையில் பூட் ஆனால் 7பி என்று முடியும் நீலத்திரையில் நிற்கும். கிராபிக்ஸில் கை வைத்ததால் ஹார்ட் டிஸ்க் போய்விட்டதே என்று பதற வேண்டாம். சாட்டா முறையைப் பழையபடி வைத்தால் வந்துவிடும்.

'சிடி/டிவிடி டிரைவர் காணவில்லை' என்ற செய்தி வந்தால் பெரும்பாலும் பென்டிரைவ் நீல நிற யூஎஸ்பி 3.0 போர்ட்டில் இருக்கிறது என்று பொருள். கறுப்பு போர்ட்டுக்கு மாற்றுங்கள். ஆறாம் தலைமுறை லேப்டாப்பில் அதுவும் உதவாது. அங்கே எல்லா போர்ட்டும் யூஎஸ்பி 3.0 கன்ட்ரோலரின் கீழ்தான் இருக்கின்றன. இன்ஸ்டால் டிஸ்கிலேயே அந்த டிரைவரைச் சேர்த்துத்தான் போட வேண்டும்.

எழுத்தெல்லாம் பெரிதாக, பிரகாசம் குறையவே மாட்டேன் என்கிறது

இன்டெல் டிரைவர் ஏறவில்லை, அவ்வளவுதான். ஏரோவின் கண்ணாடித் தோற்றமும் இருக்காது. மேலே சொன்ன வரிசைப்படி போட்டால் சரியாகிவிடும். டிரைவர் போட்ட பிறகும் பிரகாசம் மட்டும் மாறவில்லையென்றால் டிவைஸ் மேனேஜரில் 'மானிட்டர்ஸ்' பகுதியில் 'ஜெனரிக் பிஎன்பி மானிட்டர்' அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து இயக்குங்கள். லேப்டாப் கம்பெனியின் ஹாட்கீ மென்பொருளும் தேவைப்படலாம்.

"பொருத்தமான கிராபிக்ஸ் ஹார்ட்வேர் இல்லை" என்கிறது என்விடியா

இந்தச் செய்திக்கு மூன்று காரணங்கள் உண்டு. சிப்பின் தலைமுறைக்குப் பொருந்தாத டிரைவர் என்பது முதலாவது. அதை மேலே பார்த்துவிட்டோம். இரண்டாவது, உங்கள் லேப்டாப் கம்பெனியின் அந்த 'சப்சிஸ்' எண் டிரைவரின் ஐஎன்எஃப் கோப்பில் (எந்தெந்த மெஷினுக்கு ஏறலாம் என்ற பட்டியல்) இல்லாமல் இருப்பது. ஒரே சிப்பாக இருந்தாலும் ஒவ்வொரு கம்பெனியும் மின்சாரம், திரை அமைப்புகளைத் தன் போக்கில் வைத்திருப்பதால், என்விடியாவின் பொது டிரைவரில் சில மாடல்கள் விட்டுப்போகும். கம்பெனி தரும் டிரைவரில் அந்த எண் கட்டாயம் இருக்கும். ஐஎன்எஃப் கோப்பைத் திருத்தி எண்ணைச் சேர்க்கும் வழியும் உண்டு. ஆனால் திருத்திய கணமே டிரைவர் தொகுப்பின் கையொப்பம் செல்லாததாகிவிடும். வேறு வழியே இல்லாதபோது மட்டும் அதைத் தொடுங்கள்.

மூன்றாவது, டிவைஸ் மேனேஜரில் அந்த சிப்பே தெரியாமல் இருப்பது. இதில் நிதானம் வேண்டும். பயாஸில் கிராபிக்ஸ் தேர்வு 'இன்டக்ரேட்டட்' என்று இருந்தால் என்விடியா விண்டோஸின் கண்ணிலேயே படாது. திங்க்பேட் டி420, டி430, டபிள்யூ520 போன்றவற்றில் 'கான்ஃபிக்', 'டிஸ்ப்ளே' என்று போனால் இன்டக்ரேட்டட், டிஸ்க்ரீட், என்விடியா ஆப்டிமஸ் என்று மூன்று தேர்வுகள் இருக்கும். அங்கேயே, இயங்குதளம் ஆப்டிமஸுக்கு ஏற்றதா என்று கண்டறிந்து தானாக மாற்றும் ஒரு வசதியும் உண்டு. முறை தானாக மாறிக்கொண்டே இருக்கிறது என்று தோன்றினால் அதை அணைத்துவிட்டு, வேண்டியதை நீங்களே தேர்ந்தெடுங்கள்.

பயாஸில் சரியாக இருந்தும் சிப் தெரியவில்லையா? மெஷினை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் மாட்டி ஆன் செய்யுங்கள். கிராபிக்ஸ் சிப்பின் மின்சாரத்தை அணைத்து இயக்கும் பகுதி சில சமயம் அணைந்த நிலையிலேயே மாட்டிக்கொள்ளும். மின்சாரம் முழுதும் வடிந்தால் விடுபடும். சொன்னால் நம்ப மாட்டார்கள், ஆனால் 'போர்டு போச்சு' என்று ஒதுக்கிய லேப்டாப்கள் இந்த ஒரு வேலையில் எழுந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்.

டிரைவர் போட்டு ரீஸ்டார்ட் செய்ததும் கருந்திரை

இன்ஸ்டால் நடக்கும்போது திரை ஓரிரு முறை கறுத்து மீள்வது இயல்பு. அந்த நேரத்தில் பவர் பட்டனில் கை வைக்காதீர்கள். பாதி ஏறிய டிரைவர்தான் பின்னால் எல்லாத் தொல்லைக்கும் ஆணிவேர்.

ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் கறுப்பாகவே இருக்கிறது, ஆனால் விண்டோஸின் தொடக்க ஒலி கேட்கிறது என்றால் மெஷின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. படம் வேறு போர்ட்டுக்குப் போகிறது. விண்டோஸ் பட்டனோடு 'பி' அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் ஒரு பட்டியல் திறந்திருக்கும். இடது அம்புக்குறியைச் சில முறை தட்டி என்டர் கொடுத்தால் 'கம்ப்யூட்டர் ஒன்லி'க்கு வந்துவிடும்.

ஒலியும் இல்லையென்றால் ஆன் செய்ததும் எஃப்8-ஐத் தட்டிக்கொண்டே இருங்கள். வரும் பட்டியலில் குறைந்த ரெசல்யூஷனில் (640×480) திறக்கும் தேர்வு இருக்கும். முதலில் அது. முடியாவிட்டால் அத்தியாவசிய டிரைவர்களோடு மட்டும் திறக்கும் சேஃப் மோட். உள்ளே போனதும் டிவைஸ் மேனேஜரில் டிரைவரை நீக்குங்கள். கேட்கும்போது 'இந்த டிவைஸின் டிரைவர் மென்பொருளையும் அழி' என்ற பெட்டியை டிக் செய்ய மறக்காதீர்கள். டிக் செய்யாமல் விட்டால் அடுத்த பூட்டிலேயே அதே டிரைவர் திரும்ப வந்து உட்காரும். 'டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்' என்ற இலவச மென்பொருள் எச்சம் வைக்காமல் துடைத்துவிடும். அதை சேஃப் மோடில்தான் ஓட்ட வேண்டும், இன்டர்நெட் இல்லாமல். என்விடியாவைத் துடைப்பதோடு இன்டெலையும் துடைத்து இரண்டையும் வரிசையாகப் புதிதாகப் போடுவதுதான் எனக்குப் பிடித்த வழி. கூடுதல் நேரம் ஆகும், ஆனால் மறுபடி வராது.

மஞ்சள் குறி: கோட் 52, கோட் 43

கோட் 52 என்றால் கையொப்பச் சிக்கல். முன்பே சொன்ன இரண்டு அப்டேட்களைப் போட்டு, டிரைவரைத் திரும்பப் போட்டால் தீர்ந்தது.

கோட் 43 அப்படியல்ல. 'இந்த டிவைஸ் கோளாறைத் தெரிவித்ததால் விண்டோஸ் நிறுத்திவிட்டது' என்று மட்டும் சொல்லும். என்ன கோளாறு என்று சொல்லாது. நான் போகும் வழி இது. முதலில் பேட்டரியைக் கழற்றி மின்சாரத்தை வடியவிடுவது. அடுத்து இரண்டு டிரைவரையும் துடைத்து, கம்பெனி டிரைவரை வரிசையாகப் போடுவது. அதிலும் மாறாவிட்டால் கம்பெனி தளத்தில் பயாஸ் அப்டேட் இருக்கிறதா என்று பார்ப்பது. பயாஸ் அப்டேட்டை பேட்டரியில் போதுமான சார்ஜும், சார்ஜர் இணைப்பும் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். நடுவில் மின்சாரம் போனால் போர்டே போய்விடும்.

இத்தனைக்குப் பிறகும் 43 நிற்கிறதென்றால் சிப்பைச் சந்தேகிக்கலாம். அப்போதும் தீர்ப்புச் சொல்வதற்கு முன் ஒரு லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து பாருங்கள். அங்கே சாதனப் பட்டியலில் என்விடியா வரியின் கடைசியில் 'ரெவ் எஃப்எஃப்' என்று இருந்தால் சிப் தூங்குகிறது என்றுதான் பொருள், செத்துவிட்டது என்றல்ல. திரையில் கோடுகள், புள்ளிகள், சூடானதும் அணைவது போன்றவை லினக்ஸிலும் வந்தால் அது ஹார்ட்வேர். அந்த நிலையில் பயாஸில் 'இன்டக்ரேட்டட்' என்று மாற்றி இன்டெலை மட்டும் வைத்து ஓட்டலாம். பேஜ்மேக்கருக்கும் ஸ்கேனருக்கும் இன்டெலே தாராளம். போர்டு மாற்றும் செலவு தேவையில்லை.

எல்லாம் ஏறிவிட்டது, ஆனால் கேம் இன்டெலில்தான் ஓடுகிறது

முதலில், உண்மையிலேயே அப்படித்தானா என்று பாருங்கள். விண்டோஸோடு வரும் டிஎக்ஸ்டயாக் சோதனைக் கருவியில் 'டிஸ்ப்ளே' பக்கம் இன்டெலை மட்டும் காட்டும். என்விடியா கன்ட்ரோல் பேனலில் 'டிஸ்ப்ளே' பகுதியே இல்லாமல் 3டி அமைப்புகள் மட்டும் இருக்கும். இரண்டும் ஆப்டிமஸின் இயல்பு. திரை இன்டெலுடையது என்பதால் வேறு மாதிரி இருக்கவும் முடியாது. இதைப் பழுது என்று நினைத்து நன்றாக ஓடும் டிரைவரை அழித்துவிட்டு வருபவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

உண்மை தெரிய வேண்டுமானால் என்விடியா கன்ட்ரோல் பேனலின் 'டெஸ்க்டாப்' மெனுவில், ஜிபியு இயக்கத்தைக் காட்டும் ஐகானை இயக்குங்கள். கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சதுரம் வந்து உட்காரும். என்விடியா தூங்கும்போது அது சாம்பல் நிறமாக இருக்கும். எழுந்ததும் வண்ணம் வரும். அதைக் கிளிக் செய்தால் எந்தெந்த மென்பொருள் இப்போது சிப்பைப் பிடித்திருக்கிறது என்று பெயர்ப் பட்டியலே கிடைக்கும். கேமைத் திறந்து, ஆல்ட்-டேப் அடித்து அதைப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

பட்டியலில் கேம் இல்லையென்றால் 'மேனேஜ் 3டி செட்டிங்ஸ்', 'ப்ரோகிராம் செட்டிங்ஸ்' போய், அந்தக் கேமைச் சேர்த்து, 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' சிப்பைத் தேர்ந்தெடுங்கள். பலர் சறுக்கும் இடம் இது: கேமின் ஷார்ட்கட் பெரும்பாலும் ஒரு லாஞ்சரைத்தான் திறக்கும், உண்மையான கேம் வேறு எக்ஸ்இ கோப்பு. டாஸ்க் மேனேஜரில் ஓடும் பெயரைப் பார்த்து, அந்தக் கோப்பைச் சேர்க்க வேண்டும். 'குளோபல்' பக்கத்தில் எல்லாவற்றையும் என்விடியாவுக்குத் திருப்பிவிடாதீர்கள். தேவையில்லாத மென்பொருளுக்கெல்லாம் சிப் விழித்துக்கொண்டு சூடும் ஏறும், பேட்டரியும் கரையும்.

ஏஎம்டி இருக்கும் லேப்டாப் என்றால்

ஏஎம்டி தன் முறைக்கு 2012-இல் எண்டியூரோ என்று பெயர் வைத்தது. அதற்கு முந்தைய ஹெச்டி 5000, 6000 வரிசை லேப்டாப்களில்தான் சங்கடம் அதிகம். அவற்றில் பலவற்றுக்கு இன்டெல் டிரைவரும் ஏஎம்டி டிரைவரும் ஒரே தொகுப்பாக லேப்டாப் கம்பெனியிடமிருந்து வரும். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி கோத்தவை. இன்டெல் தளத்திலிருந்து புது டிரைவரைத் தனியே எடுத்து மேலே போட்டீர்களானால் அந்தக் கோர்வை அறுந்து, டெஸ்க்டாப்பில் வலது கிளிக் செய்தால் வரும் 'கான்ஃபிகர் ஸ்விட்சபிள் கிராபிக்ஸ்' காணாமல் போகும். என்விடியாவுக்குச் சொன்ன 'தனித்தனியாக, வரிசையாக' என்ற விதி இங்கே பொருந்தாது. கம்பெனி தொகுப்பு இருந்தால் அதை மட்டும் போடுங்கள்.

ஏஎம்டி இந்த இரு வரிசைகளுக்கும் கடைசியாக முறையாக வெளியிட்டது 2015-இல் வந்த கேட்டலிஸ்ட் 15.7.1 என்ற டிரைவர் தொகுப்பு. சில எச்பி மாடல்களின் பயாஸில் 'டைனமிக்', 'ஃபிக்ஸ்டு' என்று இரண்டு முறைகள் இருக்கும். ஓபன்ஜிஎல் (3டி வரையும் ஒரு முறை) மென்பொருள்கள் டைனமிக் முறையில் இன்டெலைவிட்டு நகர மறுத்தால் ஃபிக்ஸ்டுக்கு மாற்றிப் பாருங்கள்.

வெளித்திரை வரவில்லை

லேப்டாப் திரை இன்டெலுடையது என்றாலும் எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் கம்பிகள் எந்தச் சிப்புக்குப் போகும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். திங்க்பேட் டபிள்யூ520, டபிள்யூ530-இல் வெளித்திரை போர்ட்கள் என்விடியாவோடு இணைந்தவை. பயாஸில் இன்டக்ரேட்டட் என்று வைத்துவிட்டு புரொஜெக்டரை மாட்டினால் தலைகீழாக நின்றாலும் படம் வராது. வெளித்திரை போர்ட் என்விடியாவுக்குப் போகும் லேப்டாப்பில், வெளித்திரை மாட்டியிருக்கும் வரை அந்தச் சிப் தூங்காது.

நடுவில் திரை உறைந்து மீள்கிறது, அல்லது 116 நீலத்திரை

'டிஸ்ப்ளே டிரைவர் பதில் தரவில்லை, மீண்டுவிட்டது' என்று மூலையில் ஒரு செய்தி. கிராபிக்ஸ் சிப் இரண்டு விநாடிக்குள் பதில் தராவிட்டால் விண்டோஸ் அதை ரீசெட் செய்யும். ரீசெட்டும் தோற்றால் 116 என்ற எண்ணோடு நீலத்திரை. அதில் வரும் கோப்பின் பெயர் 'என்வி' என்று ஆரம்பித்தால் என்விடியா, 'ஏடிஐ' என்றால் ஏஎம்டி, 'ஐஜிடி' என்றால் இன்டெல். இந்த முதல் எழுத்துகளைக் குறித்துக்கொண்டு வந்தாலே பழுது பார்ப்பவருக்குப் பெரிய உதவி.

ரெஜிஸ்ட்ரியில் அந்த இரண்டு விநாடியைப் பத்தாக்கச் சொல்லும் யோசனை பல இடங்களில் கிடைக்கும். உறைந்த திரையை இன்னும் எட்டு விநாடி பார்த்துக்கொண்டிருக்கலாம் என்பதைத் தவிரப் பெரும்பாலும் பலன் இல்லை. முதலில் சூட்டைப் பாருங்கள். இந்த வயது லேப்டாப்பில் விசிறிக்கும் ஹீட்சிங்க்கிற்கும் நடுவே தூசி கம்பளிபோல் படிந்திருக்கும், தெர்மல் பேஸ்ட் காய்ந்து உதிர்ந்திருக்கும். இரண்டையும் சரிசெய்த பிறகே டிரைவருக்குப் போங்கள். பிரவுசரில் மட்டும் உறைகிறது என்றால் அதன் ஹார்ட்வேர் ஆக்ஸிலரேஷனை அணைத்தால் போதும். ஸ்லீப்பிலிருந்து எழும்போது மட்டும் என்றால் பவர் ஆப்ஷன்ஸில் பிசிஐ எக்ஸ்பிரஸின் 'லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட்'டை அணைத்துப் பாருங்கள்.

பிரவுசர் பேச்சு வந்ததால் ஒன்று. விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட்டின் பொதுவான பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு நின்றது. குரோம் 109-ஓடு முடிந்தது. இந்த மெஷினில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள். வேலை முடிந்ததும் நெட்டைத் துண்டித்தே வையுங்கள்.

பேட்டரி சீக்கிரம் தீர்கிறது

என்விடியா தேவையில்லை என்று டிவைஸ் மேனேஜரில் 'டிஸேபிள்' செய்பவர்கள் பேட்டரியை மிச்சப்படுத்துவதாக நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. சிப்பின் மின்சாரத்தை முழுதும் நிறுத்துவது என்விடியா டிரைவரின் வேலை. டிரைவரை முடக்கிவிட்டால் நிறுத்த ஆளில்லாமல் சிப் சும்மா விழித்திருந்து பேட்டரியைக் குடிக்கும், அடிப்பகுதி சுடும். டிரைவர் ஓடட்டும், அந்தச் சின்னச் சதுரம் சாம்பல் நிறமாக இருக்கட்டும். அது எப்போதும் வண்ணமாகவே இருந்தால் கிளிக் செய்து, பிடித்துவைத்திருக்கும் மென்பொருளைக் கண்டுபிடித்து இன்டெலுக்கு மாற்றுங்கள். அறவே வேண்டாம் என்றால் பயாஸிலேயே இன்டக்ரேட்டட் வையுங்கள்.

எக்ஸ்பி வேண்டும் என்பவர்களுக்கு

ஆப்டிமஸுக்குக் குறைந்தது விண்டோஸ் 7 வேண்டும். இரண்டு வெவ்வேறு கம்பெனி டிரைவர்களை ஆப்டிமஸுக்கு ஏற்றபடி ஒரே நேரத்தில் இயக்கும் ஏற்பாடு அதில்தான் வந்தது. எக்ஸ்பியில் இன்டெல் மட்டும் ஓடும், அதுவும் மூன்றாம் தலைமுறை கோர் வரைதான் இன்டெலிடம் டிரைவர் உண்டு. பயாஸில் 'டிஸ்க்ரீட்' தேர்வு இருக்கும் திங்க்பேட் போன்ற சில மாடல்களில் மட்டும், திரையையே என்விடியாவுக்குத் திருப்பிவிட்டு எக்ஸ்பி டிரைவரைப் போட முடியும். அந்தத் தேர்வு உங்கள் பயாஸில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எக்ஸ்பி டிஸ்கை எடுங்கள். இல்லையென்றால் இன்டெலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.